லீஸ் முடியும் தேதி

கொல்கத்தாவில் ஏடிஆர் என்ற சிறிய ப்ரொப்பெல்லர் விமானம் ஓட்டிய ஆண்டுகளில், எங்கள் பேச்சில் வானிலைக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபட்டது லீஸ். எந்த விமானத்தின் குத்தகை எந்த மாதம் முடிகிறது, நீட்டிப்பார்களா, திருப்பிக் கொடுப்பார்களா, கொடுத்தால் பதிலுக்கு வேறொன்று வருமா என்பதைத்தான் டீ குடிக்கும்போதும் ஹோட்டலுக்குப் போகும் வண்டியிலும் பேசிக்கொண்டிருப்போம். நூற்றுக்கணக்கில் விமானம் வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒன்று குறைந்தால் அங்குள்ள விமானிக்கு அது செய்தியே இல்லை. நாலைந்து விமானம் மட்டும் உள்ள இடத்தில் ஒன்று போனால், ஐந்தாறு கேப்டன்களுக்கும் அதே அளவு கோ-பைலட்டுகளுக்கும் ரோஸ்டரில் வேலை இல்லை என்று பொருள். அதனால் ஒவ்வொரு விமானத்தின் பதிவெழுத்தும், அது யாருடைய சொத்து என்பதும் எங்களுக்கு மனப்பாடம். சிறிய பிராந்திய விமான நிறுவனம் என்பது பெரும்பாலும் ஓர் உரிமம், கொஞ்சம் ஊழியர்கள், வாடகைக்கு எடுத்த சில விமானங்கள், அவ்வளவுதான். விமானத்தின் சொந்தக்காரர் அயர்லாந்திலோ சிங்கப்பூரிலோ இருப்பார்.

நான் உடுமலைப்பேட்டைக்காரன். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தவர். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணிக்காக ஊரிலிருந்த வீட்டின் பத்திரம் வங்கிக்குப் போனது. லைசென்ஸ் கையில் வந்ததும் வேலை வந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு விமான வகைக்கும் தனியாக டைப் ரேட்டிங் வாங்க வேண்டும். அதற்கு மறுபடி லட்சக்கணக்கில் செலவு. ஏடிஆருக்கு ரேட்டிங் உள்ளவர் ஏர்பஸ் ஓட்ட முடியாது, ஏர்பஸ்காரர் போயிங்கைத் தொட முடியாது. ஓர் ஆசிரியரோ நர்ஸோ தன் தகுதியை எந்த ஊருக்கும் எடுத்துப்போகலாம். விமானியின் தகுதி ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தோடு கட்டப்பட்டது. அந்த இயந்திரம் நாட்டில் எத்தனை நிறுவனங்களிடம் இருக்கிறதோ, அத்தனை கதவுகள்தான் அவருக்கு. ஏடிஆருக்கு அன்று இருந்த கதவுகளை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம்.

எனக்கு வேலை கிடைத்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது இப்போது இல்லை. பேஸ் கொல்கத்தா என்று கடிதத்தில் இருந்தது.

கொல்கத்தாத் தமிழர் என்றால் லேக் மார்க்கெட் பக்கம்தான். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழை இலையும் அங்கே கிடைக்கும், தெருவில் தமிழ் காதில் விழும். ஆனால் விடிவதற்கு முன் டம்டம் விமான நிலையத்தில் நிற்க வேண்டியவன் தெற்குக் கொல்கத்தாவில் குடியிருக்க முடியாது. விஐபி ரோட்டை ஒட்டித் தேகோரியாவில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தேன். வீட்டுக்காரம்மாவை எல்லோரையும்போல நானும் மாஷிமா என்று கூப்பிட்டேன். அதிகாலையில் யூனிஃபார்மோடு இறங்கும்போது வாசல் கேட்டைத் திறந்துவிட அவர் எழுந்துவிடுவார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்டதில்லை.

எங்கள் தடங்கள் எல்லாம் வடகிழக்கு. சில்சார், ஐஸ்வால், ஷில்லாங், திமாபூர், லீலாபரி. கொல்கத்தாவுக்கும் அந்த ஊர்கள் பலவற்றுக்கும் நடுவில் வங்கதேசம் இருக்கிறது. ரயிலிலோ சாலையிலோ போகிறவர் சிலிகுரி வழியாக அந்த நாட்டையே சுற்றிப் போக வேண்டும்; ஒரு பகலும் ஓர் இரவும் போதாது. நாங்கள் டாக்கா கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசிக்கொண்டே பத்மாவையும் மேக்னாவையும் தாண்டி ஒன்றரை மணி நேரத்துக்குள் சில்சாரில் இறக்கிவிடுவோம். ஐஸ்வாலுக்கான லெங்புய் விமான நிலையம் மலையைச் செதுக்கிப் போட்டது. ஓடுதளத்தின் இரு முனையிலும் பள்ளம். ஷில்லாங்குக்கு அருகே உம்ரோயில் ஓடுதளம் சுமார் 6,000 அடிதான், சுற்றிலும் குன்றுகள். வழக்கமான ஜெட் சேவைக்கு அந்த நீளம் போதாது. ஏடிஆர் போன்றவைதான் அந்த ஊருக்கு விமானம்.

சித்திரை, வைகாசியில் சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தில் பிற்பகலில் கிளம்பும் கால்பைசாகி என்ற இடிமழைப் புயல் மாலையில் கொல்கத்தாவுக்கு மேல் வந்துவிடும். பெரிய ஜெட் 35,000 அடியில் வேகமாகப் பறப்பது. தூரத்திலேயே மேகக்கூட்டத்தைக் கண்டு நூறு மைல் சுற்றிக்கொண்டாலும் அதற்குச் சில நிமிட இழப்புதான். ஏடிஆர் அதிகபட்சம் ஏறக்கூடியது 25,000 அடி. நாங்கள் வழக்கமாகப் பறந்தது அதற்கும் கீழே, மேகங்களுக்கு நடுவில். ராடாரில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே வழி தேடி, கிடைக்காவிட்டால் குவாஹாட்டிக்கோ புவனேஸ்வருக்கோ திரும்ப வேண்டும். ஒரே நாளில் நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்குவோம். ஒரு விமானி தன் கைத்திறனை முழுதாகக் காட்ட வேண்டிய வேலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் சம்பளத்தில் நாங்கள் ஜெட் விமானிக்கு வெகு கீழே. துறையிலும் எங்களை இன்னும் மேலே போகாதவர்களாகவே பார்த்தார்கள்.

பயணிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில்சாரிலிருந்தும் ஐஸ்வாலிலிருந்தும் ஏறுகிறவர்களில் நோயாளிகள் எப்போதும் இருப்பார்கள். கையில் எக்ஸ்ரே உறை, கூட ஒரு மகனோ மருமகளோ. கொல்கத்தாவில் இறங்கிச் சென்னைக்கு விமானமோ ரயிலோ பிடித்து வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் போகிறவர்கள். என் பெயர்ப் பட்டையைப் பார்த்துத் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்துகொண்டு, படியருகில் நின்று, வேலூரில் எங்கே தங்கலாம், ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரிப்பார்கள். ஒரு தடம் நிறுத்தப்பட்டது என்று செய்தித்தாளில் இரண்டு வரியில் படிக்கும்போது எனக்கு அந்த எக்ஸ்ரே உறைகள்தான் ஞாபகம் வரும்.

டம்டமுக்குச் சிறு விமான நிறுவனங்களின் வாழ்வும் சாவும் புதிதல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் போரில் மிச்சமான டகோட்டா விமானங்களை வாங்கிக்கொண்டு கல்கத்தாவில் பல நிறுவனங்கள் முளைத்தன. ஏர்வேஸ் இந்தியா, பாரத் ஏர்வேஸ், பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் எல்லாம் அங்கிருந்து பறந்தவை. 1953இல் அவை தேசியமயமாகி இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தன. 1946இல் தொடங்கிய ஜாம்ஏர் மட்டும் 1977 வரை டகோட்டாக்களோடு தாக்குப்பிடித்தது. வடகிழக்குக்கென்றே 1981இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து தொடங்கிய வாயுதூத், பின்னாளில் நம் நெய்வேலிக்கும் தஞ்சாவூருக்கும்கூட டோர்னியர் விமானம் விட்டது. 1990களில் அதுவும் போயிற்று. ஆனால் அது அரசு நிறுவனம். கடை மூடினாலும் ஊழியர்களை ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் வாங்கிக்கொண்டன. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நிற்கவில்லை. தனியார் காலத்தில் வந்த எங்களுக்கு அப்படி வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

எங்கள் பேஸில் மூத்த கேப்டன் ஒருவர் இருந்தார், பாரக்பூர்க்காரர். இரண்டு நிறுவனங்கள் மூடியதைப் பார்த்துவிட்டு வந்தவர். நான் சேர்ந்த புதிதில், திமாபூரில் திரும்பும் பயணத்துக்காகக் காத்திருந்தபோது சொன்னார்: "சம்பளம் தாமதமாவது முதல் அறிகுறி இல்லை. அது நான்காவதோ ஐந்தாவதோ. உதிரிபாகம் தாமதமாவதுதான் முதல் அறிகுறி. ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இரு."

அவர் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. ஒரு விமானம் பராமரிப்புக்கு என்று ஓரமாக நின்றது. ஒரு வாரத்தில் அதன் பம்பு ஒன்று பறந்துகொண்டிருந்த வேறொரு விமானத்துக்குப் போனது; பிறகு ஒரு கருவி; பிறகு சக்கரம். எங்கள் இன்ஜினியர்கள் அதை ராபரி என்பார்கள். விதிப்படி எழுதி, சோதித்து, கையெழுத்திட்டுத்தான் செய்தார்கள். பாதுகாப்பில் அவர்கள் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆனால் நின்ற விமானம் மறுபடி பறக்காது என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதன் பிறகு எண்ணெய் நிறுவனம் கடன் தருவதை நிறுத்தியது. பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகும் எரிபொருள் வண்டி பக்கத்தில் சும்மா நிற்கும். தலைமையகத்தில் யாரோ பணம் அனுப்பிய தகவல் வந்த பின்புதான் குழாயை மாட்டுவார்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்கும் பயணிகளிடம் 'ஆபரேஷனல் காரணம்' என்று அறிவிக்க வேண்டியவர்கள் நாங்கள். பிறகு குவாஹாட்டியில் இரவு தங்கும் ஹோட்டல் மாறியது, மீண்டும் மாறியது. வருங்கால வைப்புநிதிக்குப் பிடித்த பணம் கணக்கில் ஏறவில்லை. சம்பளம் ஏழாம் தேதியிலிருந்து பதினைந்துக்குப் போய், அடுத்த மாதத்துக்குப் போய், பாதியாக வந்தது. எல்லாவற்றிலும் என்னைத் திகைக்க வைத்தது வருமான வரித் துறையின் கடிதம். என் சம்பளத்திலிருந்து பிடித்த வரி அரசுக்குப் போய்ச் சேரவில்லை. கட்டாத வரியை நான் கட்ட வேண்டுமாம். கையில் வராத சம்பளத்துக்கு, ஏற்கெனவே பிடிக்கப்பட்ட வரியை, இரண்டாவது முறை கட்டச் சொன்ன அந்தத் தாளை வைத்துக்கொண்டு அன்று மாலை வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் அப்போதே விலகவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். வெளியிலிருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். காரணம் மூப்பு வரிசை. கோ-பைலட் கேப்டனாவதற்கு கமாண்ட் என்று பெயர். அதற்கு வேண்டிய ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், தேர்வுகள் எழுத வேண்டும். அதோடு நிறுவனத்தின் வரிசையில் நம் பெயர் மேலே வர வேண்டும். என் மணி நேரம் முடிந்துவிட்டது, தேர்வுகள் முடிந்துவிட்டன, வரிசையில் எனக்கு முன்னால் மிகச் சிலரே இருந்தார்கள். வேறு நிறுவனத்துக்குப் போனால் பறந்த மணி நேரம் கூட வரும். மூப்பு கூட வராது. அங்கே நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் கீழே கடைசிப் பெயராக என் பெயர் இருக்கும். இன்னும் சில மாதம் தாங்கினால் கேப்டனின் இடது இருக்கை கிடைத்துவிடும் என்ற அந்த எண்ணம்தான் முழுகும் நிறுவனங்களில் விமானிகளைக் கடைசி வரை பிடித்து வைக்கிறது. முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 2017இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, வேலையை விட நினைக்கும் கேப்டன் 12 மாதம் முன்பும் கோ-பைலட் 6 மாதம் முன்பும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பும் ஆறு மாதம் என்ற விதி இருந்தது. விமானிகள் திடீரென்று விலகினால் பயணிகளுக்குப் பாதிப்பு என்பது அரசு சொல்லும் காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தை மூடுகிறவர் எங்களுக்குத் தந்த நோட்டீஸ் ஓர் இரவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி வந்தது: நாளைய ரோஸ்டர் மறு அறிவிப்பு வரும் வரை நிறுத்திவைக்கப்படுகிறது. மறு அறிவிப்பு வரவே இல்லை. சில வாரங்களில் குத்தகைக்காரர்கள் அனுப்பிய விமானிகள் வந்து, எங்கள் பெயர் எழுதியிருந்த வால்பகுதிக்கு வெள்ளை அடித்து, விமானங்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வேலை போனதைவிடக் கொடுமையானது அதன் பின்பு வரும் மாதங்கள். விமானியின் லைசென்ஸ் சட்டம் போட்டு மாட்டும் பட்டம் அல்ல. பயணிகளோடு பறக்கக் கடந்த 90 நாளில் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் திறன் சோதனை தேற வேண்டும். மருத்துவச் சோதனை தனி. வேலையில் இருக்கும்போது இவற்றுக்கெல்லாம் நிறுவனம் செலவழிக்கும். வேலை இல்லாதவர் தன் பணத்தில் ஏடிஆர் சிமுலேட்டரை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். நேர்முகத்தில் யாரும் லாக் புக்கின் மொத்த மணி நேரத்தை முதலில் கேட்பதில்லை. கடைசியாக எந்தத் தேதியில் பறந்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு வாரம் கழியும்போதும் அந்தப் பதில் மோசமாகிக்கொண்டே போகும்.

அந்த மாதங்களில் லேக் மார்க்கெட்டில் இரண்டு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தேன். மாஷிமா வாடகையைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. நான் எடுத்தபோது, "முதலில் வேலை கிடைக்கட்டும், அப்புறம் கொடு" என்று முடித்துவிட்டார். ஊரில் வங்கிக்காரர்கள் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

சம்பளப் பாக்கி கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு: 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் ஒரு வரிசை உண்டு. நிறுவனத்தை விற்று வரும் பணத்தில் நடைமுறைச் செலவுகள் முதலில். பிறகு பிணையோடு கடன் கொடுத்த வங்கிகளும், தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களின் 24 மாதப் பாக்கியும். மற்ற ஊழியர்களின் பாக்கி அதற்கு அடுத்து, அதுவும் 12 மாதத்துக்கு மட்டும். விமானங்கள் வாடகை, அலுவலகம் வாடகை, கட்டடம் வாடகை என்றிருந்த நிறுவனத்தில் விற்பதற்கு நாற்காலிகளும் கணினிகளும்தான் இருக்கும். எங்கள் வரிசை வருவதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

எங்கள் கதை தனிக்கதை அல்ல என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். 2005இல் மதுரைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர் தொடங்கிய பாரமவுண்ட் 2010இல் நின்றது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015இல் தொடங்கி 2016இல் முடிந்தது, மூன்றே விமானம். விஜயவாடாவின் ஏர் கோஸ்டா, நம் கோவையின் ஏர் கார்னிவல் இரண்டும் 2017இல் போயின. ஹைதராபாத்தின் ட்ரூஜெட் 2022 வரை இழுத்தது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் கோ ஃபர்ஸ்ட் 2023 மேயிலும் நின்றன. கடைசி இரண்டும் சிறு நிறுவனங்கள் அல்ல. ஒவ்வொன்று மூடும்போதும் அனுபவமுள்ள கேப்டன்கள் சந்தைக்கு மொத்தமாக வந்து நிற்பார்கள். அதன் அடி கீழே இருக்கும் கோ-பைலட்டின் தலையில்தான் விழும்.

உடான் திட்டம் வந்தபோது நாங்கள் உண்மையிலேயே மகிழ்ந்தோம். 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து முதல் விமானம் பறந்தது. சிறு ஊர்களுக்கு ஒரு மணி நேரப் பயணம் 2,500 ரூபாய், நஷ்டத்தை ஈடுகட்ட அரசு மூன்று ஆண்டுக்குப் பணம் தரும் என்றார்கள். கொல்கத்தாவைச் சுற்றிலும் புதிய பெயர்கள் வந்தன. துர்காபூருக்கு ஜூம் ஏர் வந்தது, நிலைக்கவில்லை. சிக்கிமின் பாக்யோங்குக்கு 2018 அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து ஸ்பைஸ்ஜெட்டின் க்யூ400 விமானம் போனது. மலையில் மேகம் இறங்கிய நாள்களில் எல்லாம் ரத்தாகி, அடுத்த ஆண்டே சேவை நின்று, பின்பு மீண்டது. கூச் பிகாருக்கு 2023 பிப்ரவரியில் ஒன்பது பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் செஸ்னா விமானம் வந்தது. அதே ஆண்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை வெளியானது. ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டை முழுதாக முடித்தவை 112. உதவித்தொகை நின்ற பிறகும் 2023 மார்ச் வரை தொடர்ந்து பறந்தவை 54. இந்த எண்களைப் பலரும் அரசின் தோல்வி என்றோ நிறுவனங்களின் தோல்வி என்றோ விவாதித்தார்கள். எனக்கு ஒவ்வொரு தடத்துக்கும் பின்னால், இத்தனை ஆண்டு விலக மாட்டேன் என்று பாண்டில் கையெழுத்துப் போட்ட ஒரு கோ-பைலட் தெரிந்தார். மூன்று ஆண்டில் முடிந்துவிடக்கூடிய தடத்தை நம்பி முப்பது ஆண்டு வாழ்க்கையை ஆரம்பிக்கச் சொல்கிறோம்.

எனக்கு வேலை கிடைத்தது. மறுபடி ஏடிஆர், மறுபடி கொல்கத்தா, மறுபடி கோ-பைலட், மூப்பு வரிசையில் கடைசிப் பெயர். என்னைவிட வயதில் சிறியவர் ஒருவர், மணி நேரத்தில் என்னில் பாதி, எனக்கு முன்பே கேப்டனானார். நல்ல விமானி, மரியாதையானவர். தரையிறங்கியதும் "சார், இது நியாயமில்லை" என்று அவரே ஒரு நாள் சொன்னார். என் முறை வரும் நேரத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 25இல் நாடு முழுதும் உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 20இல் ஆம்பன் புயல் கொல்கத்தாவை அடித்தது; டம்டம் விமான நிலையத்தில் தண்ணீர் தேங்கி ஹேங்கர் கூரைகள் சரிந்தன. பெரும்பாலான ஊர்களில் 25ஆம் தேதி விமானங்கள் தொடங்கியபோது மேற்கு வங்கத்துக்கு மட்டும் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துறை முழுதும் விமானிகளின் சம்பளத்தை வெட்டினார்கள். பலருக்குச் சம்பளமில்லா விடுப்பு. பறந்த மணி நேரத்துக்கே சம்பளத்தின் பெரும்பகுதி என்பதால், பறக்காத விமானிக்கு வெட்டாமலே வெட்டு. எனக்கு கமாண்ட் கிடைத்தபோது நாற்பது தாண்டிவிட்டது. முதல் முறை கேப்டனாக இறங்கியது உம்ரோயில்.

வேலைப் பாதுகாப்பை விமானியின் சொந்தக் கவலை என்று ஒதுக்குகிறவர்கள் அமெரிக்காவின் பஃபலோ விபத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2009 பிப்ரவரி 12 இரவு, கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் க்யூ400 விழுந்து, தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். காரணம் விமானியின் தவறான கையாளல் என்றுதான் விசாரணை முடிவு சொன்னது. ஆனால் அந்த விசாரணையில் பிராந்திய விமானிகளின் வாழ்க்கையும் வெளியே வந்தது. குறைந்த சம்பளத்தில் இருந்த கோ-பைலட் நாட்டின் மறுகரையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். ஓய்வெடுத்தது விமான ஊழியர் ஓய்வறைச் சோபாவில். 2010இல் அங்கே புதிய சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல் கோ-பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்றானது. ஆள் கிடைப்பது அரிதாகி, பிராந்திய நிறுவனங்களில் சம்பளம் பல மடங்கு உயர்ந்தது. இன்னொரு ஏற்பாடும் அங்கே உண்டு. என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ ஆகிய சிறு நிறுவனங்கள் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் விமானி மூப்பு வரிசைப்படி பெரிய நிறுவனத்துக்குப் போக ஒப்பந்தம் இருக்கிறது. சிறிய விமானத்தில் கழித்த ஆண்டுகள் வீணாவதில்லை. நம் நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு அமைந்திருக்கக்கூடிய இடம் அலையன்ஸ் ஏர். 1996 முதல் அது இந்தியன் ஏர்லைன்ஸின், பிறகு ஏர் இந்தியாவின் துணை நிறுவனம். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனது. அலையன்ஸ் ஏர் அரசிடமே நின்றது. அந்த வாய்ப்பு அதோடு முடிந்தது.

சென்ற ஆண்டு என்னோடு பறந்த கோ-பைலட்டுகளில் ஒருவர் திருமங்கலத்துக்காரர். காக்பிட்டில் "சார்", வெளியே வந்ததும் "அண்ணா". ஐஸ்வாலிலிருந்து திரும்பிய ஒரு நாள், கார் நிறுத்துமிடத்தில் கேட்டார்: "அண்ணா, ஏர்பஸ் ரேட்டிங்குக்கு இன்னொரு கடன் வாங்கட்டுமா? இண்டிகோ 500, ஏர் இந்தியா 470ன்னு ஆர்டர் கொடுத்திருக்காங்களே. இங்கேயே இருந்தா உங்களை மாதிரி..." முடிக்காமல் நிறுத்திவிட்டார். நான் கோபப்படவில்லை. அவர் கேட்டது சரிதான். "போங்க தம்பி," என்றேன். "ஆனா ஆர்டர் போட்ட விமானம் வேற, வந்து இறங்கின விமானம் வேற. வேலைக் கடிதம் கையில வராம ரேட்டிங்குக்குப் பணம் கட்டாதீங்க." அந்த ஆர்டர்களைக் காட்டித்தான் இன்று ஊர் ஊராகப் பைலட் பயிற்சிக்கு விளம்பரம் செய்கிறார்கள். லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பதும் அதே நாட்டில்தான். தம்பி போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவரும் போவார். மலை விமான நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் பழகிய கைகள் எங்களிடம் தங்குவதே இல்லை. பழக்கம் கைகூடும் நேரத்தில் ஆள் மாறிவிடுகிறார். உம்ரோய்க்கும் லெங்புய்க்கும் இது நல்லதல்ல.

பிள்ளையைப் பைலட்டாக்க நினைக்கும் பெற்றோருக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்த வேலை எனக்குக் கொடுத்த காலைகளை வேறு எந்த வேலையும் கொடுத்திருக்காது. ஆனால் வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன், சேரப்போகும் நிறுவனத்திடம் எத்தனை விமானம் இருக்கிறது, அவற்றின் லீஸ் எப்போது முடிகிறது, பாண்ட் எத்தனை ஆண்டு, நிறுவனமே மூடினால் அந்தப் பாண்டும் கடனும் என்னவாகும் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாக அல்ல, எழுத்தில். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடம் ஒரு கோரிக்கை. வழித்தடத்தை ஒதுக்கும்போது நிறுவனங்களிடம் செயல்பாட்டு உத்தரவாதத் தொகை வாங்குகிறீர்கள். அதோடு, விமானி முதல் சுமை ஏற்றுபவர் வரை எல்லோருக்கும் ஆறு மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் வைப்பாக வாங்குங்கள். வைப்புநிதியும் பிடித்த வரியும் மாதாமாதம் போய்ச் சேர்ந்தனவா என்று பாருங்கள். சேராத நிறுவனத்துக்கு அடுத்த தடத்தைத் தராதீர்கள். நிறுவனம் மூடும்போது அதன் விமானிகளின் சிமுலேட்டர் சோதனைச் செலவையாவது ஓராண்டுக்கு அந்த வைப்பிலிருந்து கொடுங்கள். விமானி விலக ஆறு மாதமாவது நோட்டீஸ் கேட்கும் அரசுக்கு, அவரை விலக்குகிறவரிடமும் ஆறு மாதம் கேட்கும் அதிகாரம் இருக்கிறது.